மறைந்திருந்து ஆடிய பூனை

"பேச வராத பிள்ளையை வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?" என்று கேட்டார் மழலையர் பள்ளி டீச்சர்.

தம்பி அப்போது அந்த டீச்சரின் மேசைக்கு அடியில்தான் உட்கார்ந்திருந்தான். அவருடைய செருப்பின் வாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக மும்முரமாக இருந்தான். நாலு வயது. காது நன்றாகக் கேட்கும். சொல்வதெல்லாம் புரியும். பிஸ்கட் டப்பாவை எந்த அலமாரியில் ஒளித்துவைத்தாலும் மோப்பம் பிடித்துவிடுவான். பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. "ம்ம்" என்ற ஒன்றை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். "வரும், அவசரப்படாதீங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பசிச்சா சொல்லணும், வலிச்சா சொல்லணும்," என்றார் டீச்சர். "இருபது பிள்ளைங்க இருக்கற இடம் இது. இவன் மனசுல என்ன இருக்குன்னு நான் என்ன ஜோசியமா பாக்க முடியும்?"

அம்மா பேருந்து ஓட்டுநர். தம்பியைப் பார்த்துக்கொள்ள எடுத்த விடுப்பு இன்னும் பத்து நாளில் முடிகிறது. அப்பா வெளியூரில் பாலம் கட்டும் வேலையில் இருந்தார். தம்பியை இங்கே சேர்க்காவிட்டால் அம்மா வேலையை விடவேண்டியதுதான்.

சாலையில் லாரிக்காரர்களையே ஓரங்கட்டுகிற அம்மா, அந்த டீச்சர் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதைப் பார்த்ததும், பக்கத்தில் நின்ற தம்பியின் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

அக்காவுக்குப் பதினோரு வயது. வீட்டிலும் பள்ளியிலும் அவளை ‘அடம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஏன் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

"அவன் சொல்லுவான்," என்றாள் அடம்.

"யாரு?"

"என் தம்பி. பசிச்சா சொல்லுவான், வலிச்சாலும் சொல்லுவான். பத்து நாள் டைம் குடுங்க டீச்சர். வர்ற திங்களுக்கு அடுத்த திங்கள் கூட்டிட்டு வர்றோம். நீங்களே கேளுங்க."

டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "சரி. மதியம் ரெண்டு மணிக்குக் கூட்டிட்டு வா. ஒரு மணி நேரம் இவன் எங்கூட இருக்கட்டும். அவனுக்கு வேணும்ங்கறதை அவனே சொல்லட்டும். நீ ஒரு வார்த்தை பேசக் கூடாது."

வெளியே வந்ததும் அம்மா அவள் காதைப் பிடித்தார். "என்னடி இது? பிரேக்கே இல்லாம பேசற! பத்து நாள்ல அவன் எப்படிடி பேசுவான்?"

அடத்துக்கும் அது தெரியாது. முதலில் வாயைக் கொடுப்பது, பிறகு வழி தேடுவது, இதுதான் அவள் வழக்கம்.

*

வழி திங்கட்கிழமை கணினி வகுப்பில் கிடைத்தது.

அந்த வகுப்பில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஜோடிக்கொரு மொபைல் ஆப் செய்துகொண்டிருந்தார்கள். படம், ஒலி, அசைவு எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்து ஆப் செய்கிற மென்பொருள் அது. திரை நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம் இருக்கும். அதற்குப் பெயர் மேடை. வரைந்ததை மேடையில் வைக்கவேண்டும். பிறகு ‘காட்டு’, ‘மறை’, ‘நகர்த்து’, ‘ஒலி எழுப்பு’ என்று கட்டளை எழுதவேண்டும். எழுதியபடி அது ஆடும்.

அடத்தின் ஜோடி ஒரு பையன். எப்போதும் எதையாவது வரைந்துகொண்டே இருப்பான் என்பதால் அவனுக்கு ‘ஓவியர்’ என்று பெயர். இரண்டு வாரமாக உட்கார்ந்து ஒரு பூனை செய்திருந்தான். தொட்டால் பூனை ஆடும். இடுப்பை வளைத்து, வாலைச் சுழற்றி, கண்ணடித்து ஆடும். வகுப்பே அதற்கு ரசிகர்கள்.

"நம்ம ஆப்பை மாத்தப் போறோம்," என்றாள் அடம்.

"எதுக்கு? பூனைதான் சூப்பரா ஆடுதே!"

"பூனை இருக்கட்டும். ஆப்பைத் திறந்ததும் ஒரு ஆட்டம் போட்டுட்டுப் போகட்டும். அப்புறம் பன்னிரண்டு படம் வரணும். தண்ணிப் படத்தைத் தொட்டா ‘எனக்குத் தண்ணி வேணும்’னு சத்தம் வரணும். அடிபட்ட முழங்காலைத் தொட்டா ‘எனக்கு வலிக்குது’. புரியுதா?"

ஓவியருக்குப் புரிந்தது. தம்பியை அவனுக்கும் தெரியும். ஒருமுறை தம்பி அவன் கலர் பென்சிலைக் கடித்துத் தின்றிருக்கிறான்.

இரண்டே நாளில் பன்னிரண்டு படங்களும் தயாராகிவிட்டன. டம்ளரில் தண்ணீர் சொட்டியது. தூங்குகிற பையனின் போர்வை ஏறி இறங்கியது. அம்மா படத்துக்கு ஓவியர் ஓட்டுநர் தொப்பி போட்டிருந்தான். குரல் எல்லாம் அடத்தின் குரல். லேபில் இருந்த புது டேப்லெட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். தொட்டால் பேசியது, தொடத் தொடப் பேசியது. ஓவியர் எழுந்து நின்று தனக்குத்தானே கைதட்டிக்கொண்டான்.

*

தம்பிக்கு என்று இருந்தது அம்மா கழித்துப்போட்ட பழைய போன். மூலையில் விரிசல் விட்டு இழுப்பறையில் கிடந்தது. புதன்கிழமை மாலை அதில் ஆப்பை ஏற்றி, தம்பியின் மடியில் வைத்தாள் அடம்.

திரை கறுப்பாக இருந்தது. அடம் மனதுக்குள் எண்ணினாள். இருபத்திரண்டு எண்ணியபிறகுதான் பூனை வந்தது. அதுவும் ஆடவில்லை, முழங்கால் வலிக்காரர் மாதிரி நொண்டியது. ஒருவழியாகப் படங்கள் வந்தன.

தம்பி தண்ணீர்ப் படத்தைத் தொட்டான். சத்தம் வரவில்லை. மறுபடி தொட்டான். ஏழு எண்ணியபிறகு, "எனக்குத் தண்ணி... எனக்குத் தண்ணி... எனக்..." என்று திக்கியது. அதோடு ஆப் படுத்துவிட்டது. போன் இஸ்திரிப் பெட்டியாகக் கொதித்தது.

தம்பி போனைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். போனைத் தரையில் வைத்து, காலால் மெதுவாகத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

அவன் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் நிஜமாகவே தண்ணீர்தான் கேட்டிருந்தான். சமையலறைக் குழாயடியில் போய் நின்று "ம்ம்" என்றான். அடம் ஓடிப்போய் ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தாள்.

*

"பழைய போனும்மா அது," என்றார் கணினி சார் மறுநாள். "நம்ம ஆப்பைத் தாங்காது. ஒண்ணும் கவலைப்படாதே. ‘புது போன்களில் மட்டும் ஓடும்’னு கீழே ஒரு வரி எழுதிடு. பெரிய பெரிய ஆளுங்களே அப்படித்தான் எழுதறாங்க."

"எழுத மாட்டேன் சார்."

"ஏன்?"

"எழுதினா என் தம்பிக்கு ஓடாதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"போன் பழசா இருக்கு. அதுக்கு நீ என்ன பண்ணுவே?"

"அந்தப் போன்ல படம் ஓடுது சார். பாட்டு ஓடுது. எங்கம்மா அதுல வழி பார்த்துத்தான் ரெண்டு வருஷம் பஸ் ஓட்டினாங்க. போன் மேல தப்பு இல்ல. நம்ம ஆப்தான் குண்டு."

வகுப்பு சிரித்தது. சாருக்கும் உதடு துடித்தது. "அப்படியா? அப்ப இளைக்க வை பாக்கலாம். சாயங்காலம் நாலரை வரைக்கும் லேபைத் திறந்து வைக்கறேன். எனக்கும் எங்கே இடிக்குதுன்னு தெரியல. கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லு."

அன்று சாயங்காலம் முதல் சண்டை ஓவியரோடுதான். ஒவ்வொரு படத்தையும் அவன் சுவரொட்டி அளவுக்குப் பெரிதாக வரைந்திருந்தான். மேடையில் வைக்கும்போதுதான் இழுத்துச் சுருக்கியிருந்தான்.

"இப்பதான் சின்னதாத் தெரியுதே!" என்றான் ஓவியர்.

"தெரியறது சின்னது. தூக்கறது பெருசு. போர்வையைக் கைக்குட்டை அளவுக்கு மடிச்சா எடை குறைஞ்சிடுமா?"

"சின்னதா வரைஞ்சா விரல் நகமெல்லாம் தெரியாது."

"தண்ணி கேக்கறவன் நகத்தையா பாக்கப் போறான்?"

ஓவியரின் முகம் தொங்கிப் போனது. ஆனாலும் ஒவ்வொன்றையும் போன் திரையின் அளவுக்குத் திரும்ப வரைந்தான். ஆப் திறக்க எண்ணிய இருபத்திரண்டு பதினொன்றாகக் குறைந்தது.

அடுத்தது குரல். தொட்டதும் பேசாமல் ஏன் இவ்வளவு தாமதம்? அடம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பதிவையும் முதலிலிருந்து கேட்டாள். கேட்டதும் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. எல்லாப் பதிவும், "ம்... ரெடியா? சரி..." என்றுதான் தொடங்கின. அதை அழிப்பதாக நினைத்து, சத்தத்தை மட்டும் சுழியமாக்கி வைத்திருந்தாள். போன் பாவம், ஒவ்வொரு முறையும் அவள் ரெடியாகும்வரை காத்திருந்துவிட்டுத்தான் பேசியது.

வெள்ளிக்கிழமை அந்த வெற்று இடத்தை எல்லாம் வெட்டி எறிந்தாள். பேச எடுத்த ஏழு மூன்றானது.

ஆனாலும் போன் கொதித்தது. இரண்டு நிமிடம் ஆனதும் ஆப் படுத்துக்கொண்டது. எதைக் குறைத்தாலும், எதை வெட்டினாலும், சரியாக இரண்டாவது நிமிடம் படுத்துக்கொண்டது.

"போதும்டி," என்றான் ஓவியர். நாலரை மணி அடித்துவிட்டது. "ரெண்டு நிமிஷம் ஓடுதில்ல?"

"அவன் அங்க ஒரு மணி நேரம் இருக்கணும்," என்றாள் அடம்.

*

சனிக்கிழமை தம்பிக்கு ஆப்பைப் பற்றிக் கவலையே இல்லை. அவனுக்குக் கண்ணாமூச்சி ஆடவேண்டும். அக்காவின் கையைப் பிடித்து இழுத்து, அவள் கண்ணை அவளுடைய கையாலேயே பொத்திவிட்டு ஓடினான்.

அவன் ஒளியும் இடம் ஒன்றே ஒன்றுதான், கட்டிலுக்கு அடியில். அடம் வழக்கம்போலத் தெரியாத மாதிரி நடித்தாள். "எங்க போனான் இவன்? கதவுக்குப் பின்னால காணோமே!" என்றபடி, பாதி தின்ற பிஸ்கட்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டு அலமாரியைத் திறந்து பார்த்தாள்.

திரும்பிப் பார்த்தால் பிஸ்கட் இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து கறுக் மொறுக் என்று சத்தம்.

துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா சிரித்தார். "ஒளிஞ்சிருந்தா மட்டும்? இவன் வயிறு என்ன லீவா விடும்?"

அடம் அப்படியே நின்றாள்.

"ம்மா... இன்னொரு தடவை சொல்லு."

"எதைடி?"

அவள் போனை எடுத்து ஆப்பைத் திறந்தாள். பூனை வந்தது, நொண்டி ஆட்டம் ஆடியது, மறைந்தது. படங்கள் வந்தன. பூனை எங்கே? அவள்தானே கட்டளை எழுதினாள்? ‘பூனையை மறை.’

மறை என்றுதான் எழுதியிருந்தாள். போ என்று எழுதவில்லையே!

பூனை மேடையை விட்டுப் போகவே இல்லை. யார் கண்ணுக்கும் தெரியாமல் பின்னால் நின்று, இடுப்பை வளைத்து, வாலைச் சுழற்றி, கண்ணடித்து ஆடிக்கொண்டே இருந்தது. பூனை மட்டுமா? தண்ணீரைத் தொட்டால் பெரிய டம்ளர் வரும், பேசி முடித்ததும் ‘மறை’. போர்வை ‘மறை’. தொப்பி ‘மறை’. தொடத் தொட ஒவ்வொன்றாகப் போய் மறைவில் சேர்ந்துகொண்டு, அங்கே ஒரு பெரிய கச்சேரியே நடந்துகொண்டிருந்தது. அத்தனையையும் அந்த விரிசல் விட்ட போன் தனி ஆளாகத் தாங்கியது.

"கட்டிலுக்கு அடியில பூனைம்மா!" என்று கத்தினாள் அடம்.

அம்மா பயந்துபோய்க் குனிந்து பார்த்தார். தம்பிதான் வாயெல்லாம் பிஸ்கட் தூளோடு எட்டிப் பார்த்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை லேப் பூட்டியிருந்தது. திங்கட்கிழமை காலை, பள்ளிக் கதவு திறப்பதற்கு முன்னாலேயே அடமும் ஓவியரும் வாசலில் நின்றார்கள்.

"என் பூனையை நீக்கணுமா?" ஓவியர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டான். "முடியவே முடியாது. வாலைச் சுழற்ற மட்டும் நான் பதினாறு வால் வரைஞ்சிருக்கேன்!"

"ஆப்பை விட்டு நீக்கலடா. ஆடி முடிச்சதும் மேடையை விட்டு இறக்கறோம். அவ்வளவுதான். வேலை முடிஞ்சா எல்லாரும் வீட்டுக்குத்தானே போகணும்?"

சார் லேபைத் திறந்துவிட்டதும் கட்டளைகளில் ‘மறை’ என்பதைத் தேடினார்கள். இருபத்தொன்பது இடத்தில் இருந்தது. இருபத்தொன்பதையும் ‘நீக்கு’ என்று மாற்றினார்கள். ஓட்டிப் பார்த்தார்கள். பூனை ஆடியது, போனது. தண்ணீரைத் தொட்டாள். உடனே பேசியது. மறுபடி தொட்டாள்.

‘டம்ளர் என்று எதுவும் இல்லை’ என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றது.

"போச்சு!" என்றான் ஓவியர். "ஒரேயடியா அனுப்பிட்டே. இப்ப இல்லாததைக் காட்டுன்னா அது எங்க போய்க் காட்டும்?"

முதல் மணி அடித்தது. வாசலில் ஒன்பதாம் வகுப்பு வந்து வரிசையில் நின்றது. அவர்களுக்கு லேப் வேண்டும்.

அடம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "சார், பத்து நிமிஷம். எனக்கு இன்னிக்கு ரெண்டு மணிக்கு வேணும். நாளைக்கு இது இருந்தும் பிரயோஜனம் இல்ல."

சார் அவள் முகத்தைப் பார்த்தார். திரையில் ‘நீக்கு’ என்று வரிசையாக இருந்ததைப் பார்த்தார். "அட!" என்றார். பிறகு வாசலுக்குப் போய் கதவை மறித்து நின்றுகொண்டு ஒன்பதாம் வகுப்பிடம், "வெள்ளிக்கிழமை குடுத்த வீட்டுப்பாடத்தை எடுங்க. ஒவ்வொருத்தரா காட்டிட்டுதான் உள்ள வரணும்," என்றார். பாதிப் பேர் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டினார்கள்.

அடம் யோசித்தாள். அனுப்பிவிட்டால் தப்பில்லை. திரும்ப வேண்டும்போது கூப்பிடவேண்டும், அவ்வளவுதானே? ஒவ்வொரு ‘காட்டு’க்கு முன்னாலும் ‘கொண்டுவா’ என்று ஒரு வரி சேர்த்தாள். ஓவியர் வரியை வாசிக்க, அவள் தட்டினாள். கொண்டுவா, காட்டு, நீக்கு. கொண்டுவா, காட்டு, நீக்கு.

போனில் ஏற்றினார்கள். நாலு எண்ணுவதற்குள் திறந்தது. பூனை அந்தப் பழைய போனில் முதல்முறையாக ஒழுங்காக ஆடிவிட்டுப் போனது. தண்ணீர். தண்ணீர். பசி. தண்ணீர். இரண்டாவது நிமிடம் வந்தது. ஓவியர் கண்ணை மூடிக்கொண்டான். மூன்றாவது நிமிடம், நாலாவது நிமிடம்.

"தொட்டுப் பாருடா," என்றாள் அடம்.

ஓவியர் போனின் முதுகைத் தொட்டுப் பார்த்தான். சூடே இல்லை.

*

சரியாக இரண்டு மணிக்குத் தம்பி மழலையர் பள்ளிக்குள் போனான். கழுத்தில் ஒரு துணிப் பை, அதற்குள் போன். அடமும் அம்மாவும் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். அடம் மதிய வகுப்புக்குப் போகாமலிருக்க அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். சீட்டில் காரணம் என்ற இடத்தில் சார் ‘ஆப் சோதனை’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

பத்து நிமிடம் தம்பி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. பிள்ளைகள் அவனைச் சுற்றி ஓடினார்கள். டீச்சர் குனிந்து, "என்னப்பா வேணும்?" என்று கேட்டார்.

"ம்ம்," என்றான் தம்பி.

டீச்சர் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். அம்மா அடத்தின் தோளை இறுக்கிப் பிடித்தார். அடத்துக்கு உள்ளே ஓடிப்போய், ‘போனை எடுடா!’ என்று கத்தவேண்டும்போல இருந்தது. பேசக் கூடாது என்பது ஒப்பந்தம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அதுதான் முதல்முறை.

தம்பி மெதுவாகப் பைக்குள் கையை விட்டான். போனை வெளியே எடுத்து ஆப்பைத் திறந்தான். பூனை ஆடியதும் பக்கத்திலிருந்த மூன்று பிள்ளைகள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள். தம்பி ஒரு விரலை நீட்டி, ஒரு படத்தைத் தொட்டான்.

"எனக்குத் தண்ணி வேணும்!"

டீச்சர் ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தம்பி குடித்தான். சட்டையில் பாதி, வாயில் பாதி. குடித்துவிட்டு டீச்சரைப் பார்த்தான். கேட்டது கிடைத்துவிட்டது! அவன் கண் விரிந்தது.

அவ்வளவுதான். மடை திறந்துவிட்டது.

"எனக்கு இன்னும் வேணும்!" டம்ளர் வந்தது. "எனக்கு வேண்டாம்!" டம்ளர் போனது. "எனக்குப் பசிக்குது!" பிஸ்கட் வந்தது. "எனக்கு இன்னும் வேணும்!" டீச்சர் மரக்கட்டைப் பெட்டியை எடுத்து உள்ளே வைத்தபோது, "எனக்கு இன்னும் வேணும்! எனக்கு இன்னும் வேணும்!" வேறு ஒரு பையன் அவன் கட்டையைப் பிடுங்கியபோது, "எனக்கு வேண்டாம்! எனக்கு வேண்டாம்! எனக்கு வேண்டாம்!" அந்தப் பையனே பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டான். போன் ஒரு தடவைகூடத் திக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அடத்துக்குத் தெரியவில்லை. அவளுக்கும் அதே நிலைமைதான்.

மூன்று மணிக்கு டீச்சர் வெளியே வந்தார். கொண்டை கலைந்திருந்தது. தம்பி அவர் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"நாளையிலேர்ந்து அனுப்பி வைங்கம்மா," என்றார் அம்மாவிடம். பிறகு அடத்தைப் பார்த்தார். "அப்பப்பா! என்னம்மா உன் தம்பி இந்தப் பேச்சுப் பேசறான்!"

அடம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "டீச்சர், அதை இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதை?"

"என் தம்பி பேசறான்னு."

"அடியேய்!" என்று அம்மா பல்லைக் கடித்தார்.

டீச்சர் சிரித்துவிட்டார். அப்புறம், தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி, இன்னொரு தடவை சொன்னார்.